டெயில் லைட்டுக்கு நிறுத்தினாங்க, அப்பாகிட்ட பேப்பர் கேட்டாங்க: ஷெரிஃப் வேலையும் ஐஸ் (ஃபெடரல் இமிக்ரேஷன் போலீஸ்) வேலையும் ஒண்ணா?

மாடக்குளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த குழுவுல பத்து வருஷமா இருக்கேன், இதுவரைக்கும் டாக்ஸ், எச்4 விசா (வேலை விசாவுல வந்தவங்க குடும்பத்துக்கானது), நல்ல கொத்தமல்லி எங்க கிடைக்கும்னுதான் கேட்டிருக்கேன். இது வேற விஷயம், நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் நார்த் கரோலினா, மோரிஸ்வில். போன மாசம் ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவை பீச்சுக்கு கூட்டிட்டுப் போயிட்டு ராத்திரி திரும்பிட்டு இருந்தோம். வேற ஒரு கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), பேர் வேணாம். ஒன்பதரை மணி இருக்கும், பின்னாடி நீல லைட். ஒரு டெயில் லைட் எரியலையாம். சரி, தப்பு என்னோடதுதான், லைசென்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் குடுத்துட்டேன். டெபுட்டி, அதாவது அந்த கவுன்ட்டி ஷெரிஃபோட போலீஸ்காரர், அதை வாங்கின கையோட டார்ச்சை பின்சீட்டு பக்கம் அடிச்சாரு. அம்மா தூங்கிட்டு இருந்தாங்க, அப்பா வேட்டி சட்டையில முழிச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு. அப்பாவைப் பார்த்து எந்த நாடு, பேப்பர் இருக்கான்னு கேட்டாரு.

எங்கப்பா 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவரு. அதிகாரி ஒருத்தர் பேப்பர் கேட்டா அடுத்த நிமிஷம் எடுத்து நீட்டணும்னு பழக்கம். மடியில இருந்த மஞ்சப்பைக்குள்ள சட்டுனு கையை விட்டுட்டாரு. டெபுட்டியோட கை இடுப்புக்குப் போயிடுச்சு. நான் "அப்பா கையை வெளிய எடுங்க, வெளிய எடுங்க"ன்னு கத்தினேன், நான் தமிழ்ல கத்தினதுல அந்த ஆளு இன்னும் பதட்டமாயிட்டாரு. அப்பா கை வெளிய வந்தப்ப பாஸ்போர்ட்டை சுத்தி வெச்சிருந்த பிளாஸ்டிக் கவர் மட்டும்தான் இருந்துச்சு, அது நடுங்கின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் 50 நிமிஷம். பாஸ்போர்ட்டை வாங்கிட்டு வண்டிக்குப் போய் யாருக்கோ போன் பண்ணிட்டு இருந்தாரு. கடைசியில டெயில் லைட்டுக்கு வார்னிங் சீட்டு ஒண்ணு. அப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசல. மறுநாளிலிருந்து காலைல பார்க் பக்கம் நடக்கப் போறதையே விட்டுட்டாரு. கேட்டா முட்டி வலிக்குதுன்றாரு.

டெயில் லைட்டுக்கு நிறுத்தின போலீஸ் பின்சீட்டுல இருக்கிற 71 வயசு மனுஷன்கிட்ட விசா கேக்கிறது யார் வேலை? அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம தேட ஆரம்பிச்சு இப்ப இங்க ஏசிஎல்யூன்ற சிவில் உரிமை அமைப்போட ஆளுங்க நடத்துற ட்ரெய்னிங்ல உட்கார்ற அளவுக்கு வந்துட்டேன். அடுத்த மாசம் நம்ம கவுன்ட்டி போர்டு கூட்டத்துல பொதுமக்கள் பேசுற நேரத்துல பேசலாம்னு இருக்கேன். ஆளுக்கு 3 நிமிஷம். ரேலி, கேரி, அப்பெக்ஸ் பக்கம் யாராவது வர்றீங்களா?

---

வரிசையில்_12_வருஷம்:

உங்க அப்பாவுக்கு நடந்தது கஷ்டமாதான் இருக்கு நண்பா, அதை குறைச்சு சொல்ல வரல. ஆனா பேப்பர் சரியா இருந்துச்சு, பார்த்தாங்க, விட்டுட்டாங்க. நான் 2013ல இருந்து இபி2 கிரீன் கார்டு வரிசையில நிக்கிறேன், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு கணக்கு வெச்சுட்டு எங்களை உட்கார வெச்சிருக்காங்க, ஒரு நாள் கூட ஸ்டேட்டஸ் தவறல. வேலை போனா 60 நாள்ல கிளம்பணும்னு பயந்து பயந்து வாழ்றேன். எல்லை தாண்டி வந்தவங்களுக்காக நான் ஏன் போய் மைக் முன்னாடி நிக்கணும்? ஜெயில்ல இருக்கிற ஆளை ஐஸ்கிட்ட ஒப்படைச்சா அதுல என்ன தப்பு? கிரிமினல்தானே?

---

தேன்மொழி_என்ஜே:

மாடக்குளத்தான் அண்ணா, படிச்சதும் வயிறு கலங்கிடுச்சு. எங்க மாமனாரும் இப்ப இங்கதான் இருக்காரு.

2015 பிப்ரவரில அலபாமா மேடிசன்ல நடந்தது ஞாபகம் இருக்கா? பேரனைப் பார்த்துக்க குஜராத்ல இருந்து வந்த 57 வயசு தாத்தா, காலைல மகன் வீட்டுத் தெருவுல நடந்துட்டு இருந்தாரு. யாரோ பக்கத்து வீட்டுக்காரர் 911க்கு போன் பண்ணி சந்தேகமா ஒரு ஆள் நடக்கிறார்னு சொல்ல, வந்த போலீஸ்காரர் கேட்டது எதுவும் அவருக்குப் புரியல, "நோ இங்கிலிஷ், இண்டியா"ன்னு வீட்டைக் கைகாட்டியிருக்காரு. கையைப் பின்னால பிடிச்சு தரையில அடிச்சதுல முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாம போயிட்டாரு. ரெண்டு தடவை ஜூரி ஒத்துப்போகல, கடைசியில ஜட்ஜ் அந்த போலீஸ்காரரை விடுவிச்சுட்டாரு. சிவில் கேஸ்ல 2021ல ஊர் நிர்வாகம் 17.5 லட்சம் டாலர் குடுத்து முடிச்சாங்க. அதுல இமிக்ரேஷன் பேச்சே இல்ல, ஆனா மொழி தெரியாத வயசானவங்க போலீஸ் முன்னாடி எப்படி மாட்டிக்கிறாங்கன்னு அந்த ஒரு கேஸ்ல தெரிஞ்சுது. இதுக்கு மேல பேப்பர் பார்க்கிற வேலையையும் அவங்க கையிலயே குடுத்தா, அப்புறம் ரோட்டுல நம்ம அப்பா அம்மாவைப் பார்த்தாலே சந்தேகம்தான் முதல்ல வரும்.

---

மாடக்குளத்தான்:

12 வருஷம் அண்ணா, கோவமில்லாம பதில் சொல்றேன், ஏன்னா நானும் அதே வரிசைதான், உங்களுக்கு ரெண்டு வருஷம் பின்னாடி நிக்கிறேன். அப்பாவோட பேப்பர் எல்லாம் சரியா இருந்துமே அவரு தெருவுல இறங்கப் பயப்படுறாரு பாருங்க, அதையும் கணக்குல எடுத்துக்கங்க.

முதல்ல அந்த "கிரிமினல்தானே". கவுன்ட்டி ஜெயில்ல இருக்கிறவன் பெரும்பாலும் தண்டனை வாங்கினவன் இல்ல, கேஸ் போட்டு பெயில் கிடைக்கிற வரைக்கும் இருக்கிறவன். ஜெயிலுக்குள்ள வந்ததும் கைரேகை எடுப்பாங்க, அது எஃப்பிஐக்குப் போகும், அங்கிருந்து தானாவே ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்குப் போகும். செக்யூர் கம்யூனிட்டீஸ்னு 2008ல ஆரம்பிச்சு 2013க்குள்ள நாடு முழுக்க வந்துடுச்சு. அங்க பேர் சிக்கினா ஐஸ்ல இருந்து டீடெய்னர்னு ஒரு படிவம் வரும், இந்த ஆளை விடுற நேரம் வந்தாலும் இன்னும் 48 மணி நேரம் பிடிச்சு வைங்கன்னு. அதுல ஜட்ஜ் கையெழுத்து கிடையாது. ஐஸ் ஆபீசரே எழுதி ஐஸ் ஆபீசரே கையெழுத்து போடுறது. கூட வாரன்ட்னு ஒண்ணு இணைச்சிருப்பாங்க, அதுவும் அதே கதைதான், கோர்ட் வாரன்ட் இல்ல.

இதுல யார் மாட்டுவாங்கன்னு நினைக்கிறீங்க? பென்சில்வேனியா அலன்டவுன்ல 2008ல கலார்சான்னு ஒருத்தர், கட்டட வேலை பார்த்த இடத்துல வெச்சு பிடிச்சாங்க. அவரு நியூஜெர்சியில பொறந்த அமெரிக்க சிட்டிசன். பர்ஸ்ல லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் இருந்துச்சு. பெயில் கட்டியாச்சு, வெளிய போகலாம்னு இருக்கிறப்ப டீடெய்னர் வந்திருக்குன்னு மூணு நாள் உள்ளயே வெச்சிருந்தாங்க. பின்னால கேஸ்லயும் நிரபராதின்னு தீர்ப்பு. ஏசிஎல்யூ எடுத்து நடத்தின அந்த வழக்குலதான் 2014 மார்ச்ல மூணாவது சர்க்யூட் கோர்ட் (ஃபெடரல் அப்பீல் கோர்ட்) சொல்லுச்சு, டீடெய்னர்ங்கிறது வேண்டுகோள், கட்டளை இல்ல, வைக்கிறதா இல்லையான்னு கவுன்ட்டியே முடிவெடுக்கலாம், அதனால தப்பா வெச்சா அதுக்கு கவுன்ட்டிதான் பதில் சொல்லணும்னு. அடுத்த மாசமே ஒரிகன்ல கிளாக்கமஸ் கவுன்ட்டி கேஸ்ல டீடெய்னரை மட்டும் வெச்சு ஒரு அம்மாவை ஜெயில்ல வெச்சது அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தத்தை (நியாயமான காரணமில்லாம பிடிக்கக் கூடாதுன்றது) மீறினதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அவங்களுக்கு வெளிய வர தேவைப்பட்ட பெயில் 500 டாலர். ஆனா கட்டினாலும் ஐஸுக்காக பிடிச்சுதான் வைப்போம்னு சொல்லியிருக்காங்க, அப்புறம் எதுக்கு கட்டுறது.

இதுக்கும் மேல ஒரு படி போறதுதான் 287(ஜி). 1996 சட்டத்துல சேர்த்த பிரிவு, லோக்கல் போலீஸுக்கு ட்ரெய்னிங் குடுத்து இமிக்ரேஷன் அதிகாரி மாதிரி வேலை பார்க்க விடுறது. ஜெயிலுக்குள்ள மட்டும் பண்றது ஒரு வகை, ரோட்டுல பண்றது இன்னொரு வகை. ரோட்டுல பண்றதை 2012ல நிறுத்தினாங்க, 2025 ஜனவரில திரும்ப கொண்டு வந்தாங்க, அந்த வருஷமே நாடு முழுக்க இந்த ஒப்பந்தம் ஆயிரத்தைத் தாண்டிடுச்சு.

ரோட்டுல விட்டா என்ன ஆகும்னு பார்க்க அரிசோனா மாரிக்கோப்பா கவுன்ட்டியே போதும், ஃபீனிக்ஸ் இருக்கிற கவுன்ட்டி. அங்க ஷெரிஃப் ஜோ அர்பாயோ "சாச்சுரேஷன் பட்ரோல்"னு சொல்லிட்டு வண்டி வண்டியா நிறுத்தினாரு. மெலெண்ட்ரஸ் கேஸ் எப்படி ஆரம்பிச்சதுன்னு படிச்சப்பதான் எனக்கு கை கால் ஓடல. 2007 செப்டம்பர், அந்த மனுஷன் வண்டி ஓட்டல, எங்கப்பா மாதிரியே உள்ள உட்கார்ந்து வந்தவரு. மெக்சிகோவுல இருந்து செல்லுபடியான விசாவோட வந்தவரு, பேப்பரையும் காமிச்சிருக்காரு. ஆனாலும் மணிக்கணக்கா பிடிச்சு வெச்சு ஐஸ்கிட்ட கொண்டு போய் நிறுத்தினாங்க, அவங்க பார்த்துட்டு விட்டுட்டாங்க. 2013 மே மாசம் ஜட்ஜ் முர்ரே ஸ்னோ, லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஆளுங்கன்னு பார்த்து நிறுத்தியிருக்காங்க, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு எழுதினாரு. அர்பாயோ கோர்ட் உத்தரவையும் மதிக்காம 2017ல அவமதிப்புக்கு குற்றவாளின்னு தீர்ப்பாகி அடுத்த மாசமே ட்ரம்ப் மன்னிப்பு குடுத்தாரு. ஆனா அந்த ஆபீஸ் மேல வந்த கண்காணிப்பு போகல, அதுக்காகன்னு கவுன்ட்டி எழுதின செலவு 20 கோடி டாலருக்கு மேல. எல்லாம் ஊர் ஜனங்க கட்டின வரிப்பணம்.

எங்க பக்கத்து அலமான்ஸ் கவுன்ட்டியில கூட 2012ல நீதித்துறை விசாரிச்சுட்டு, லத்தீன் ஓட்டுனர்களை மத்தவங்களை விட 4 மடங்குல இருந்து 10 மடங்கு வரைக்கும் அதிகமா நிறுத்துறாங்கன்னு சொல்லுச்சு. உண்மையை மறைக்காம சொல்லணும், அந்த வழக்கை 2015ல ஜட்ஜ் தள்ளிட்டாரு, அப்பீல்ல இருக்கிறப்ப 2016ல சமரசமா முடிஞ்சது. எல்லா கேஸும் ஜெயிக்கிறதில்ல.

---

குமரன்_டெக்சாஸ்:

மாடக்குளத்தான் ப்ரோ, உங்க ஊர்ல பேசவாவது இடம் இருக்கு. எங்க ஊர்ல 2017லயே எஸ்பி4னு ஸ்டேட் சட்டம் போட்டாங்க, டீடெய்னரை மதிக்க மாட்டேன்னு சொல்ற ஷெரிஃபை பதவியில இருந்தே தூக்கலாம், ஒரு நாளைக்கு 25,500 டாலர் வரை அபராதம் போடலாம். பார்டர்ல இருக்கிற எல் செனிசோன்னு ஒரு குட்டி ஊர் முன்னாடி நின்னு கேஸ் போட்டாங்க, 2018ல ஐஞ்சாவது சர்க்யூட் பெரும்பாலும் சட்டத்துக்குப் பக்கமா சொல்லிடுச்சு.

ஆனா அந்த சட்டம் வர்ற நேரத்துல அதை எதிர்த்தவங்கள்ல போலீஸ் தலைவர்களும் இருந்தாங்கன்றதை நம்ம ஆளுங்க நிறைய பேர் கவனிக்கல. ஹூஸ்டன் போலீஸ் சீஃபா இருந்த ஆர்ட் அசெவெடோ 2017 ஏப்ரல்ல சொன்னாரு, ஹிஸ்பானிக் ஆளுங்க குடுக்கிற ரேப் புகார் முந்தின வருஷம் அதே மூணு மாசத்தோட பார்த்தா 42.8 சதவீதம் குறைஞ்சிருக்கு, மத்தவங்க குடுக்கிற புகார் குறையல, ஏறியிருக்குன்னு. குற்றம் குறையல சார், சொல்ல வர்றது குறைஞ்சிருக்கு. அப்ப அதை செஞ்சவன் வெளியதான் சுத்துறான், அடுத்த தெருவுல நம்ம பிள்ளைங்க இருக்கு.

---

தேன்மொழி_என்ஜே:

குமரன் சொன்னது ரொம்ப முக்கியம், நான் இதைத்தான் எழுத நினைச்சேன்.

நான் இங்க பெண்களுக்கான ஹெல்ப்லைன்ல வாரத்துல ரெண்டு ராத்திரி போன் எடுக்கிறேன். தமிழ்ல தெலுங்குல ஹிந்தியில எல்லாம் வரும். யார்னு தெரியாத மாதிரி சொல்றேன். எச்4ல வந்த ஒரு தங்கச்சி, போன்ல அவ சத்தமா பேசவே இல்ல, தண்ணிக் குழாயைத் திறந்து விட்டுட்டு அந்த சத்தத்துல குசுகுசுன்னு பேசுறா. அடி. நான் 911 கூப்பிடு, இல்ல நான் கூப்பிடவான்னு கேட்டா அவ முதல்ல கேட்ட கேள்வி, "அக்கா, போலீஸ் வந்தா என் விசாவைக் கேப்பாங்களா? அவர் என் பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சிருக்காரு, நீ போலீஸைக் கூப்பிட்டா உன்னை நாடு கடத்திடுவாங்கன்னு சொல்லியிருக்காரு." அடிக்கிறவன் கையில அந்த பயம்தான் பெல்ட்டை விட பெரிய ஆயுதம்.

அன்னைக்கு என்னால தைரியமா "கேக்க மாட்டாங்கம்மா"ன்னு சொல்ல முடிஞ்சது. ஏன்னா நியூஜெர்சியில 2018 நவம்பர்ல அட்டர்னி ஜெனரல் போட்ட உத்தரவு இருக்கு, விசாரிக்கிற குற்றத்துக்கு சம்பந்தம் இல்லாம லோக்கல் போலீஸ் யார்கிட்டயும் இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் கேக்கக் கூடாது. அந்த ஒரு வரியை நான் தமிழ்ல அவளுக்கு மூணு தடவை சொன்னேன். அப்புறம்தான் கூப்பிடச் சொன்னா. பாதிக்கப்பட்டவங்களுக்கு யூ விசான்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு 10,000தான், ரொம்ப நீள வரிசை, ஆனா அதுக்கும் போலீஸோ அரசு வக்கீல் ஆபீஸோ இவங்க விசாரணைக்கு உதவினாங்கன்னு கையெழுத்து போட்டுத் தரணும். போலீஸ்கிட்டயே போகப் பயந்தா அந்தக் கதவும் மூடிக்கும்.

சிகாகோவுல இருக்கிற இல்லினாய்ஸ் யூனிவர்சிட்டி 2013ல வெளியிட்ட ஆய்வுக்காக சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், ஃபீனிக்ஸ் இருக்கிற நாலு கவுன்ட்டியில ரெண்டாயிரம் லத்தீன் ஆளுங்ககிட்ட கேட்டாங்க. போலீஸ் ஸ்டேட்டஸ் கேப்பாங்கன்ற பயத்துல குற்றம் நடந்தாலும் போலீஸ்கிட்ட போறது குறைவுன்னு 44 சதவீதம் பேர் சொன்னாங்க, பேப்பர் இல்லாதவங்கள்ல 70 சதவீதம். அந்த 44ல சிட்டிசனும் இருக்காங்க, வீட்டுல ஒருத்தருக்கு பேப்பர் இல்லன்னா மொத்த வீடும் வாயை மூடிக்கும்.

---

கோவை_மாணவன்:

நான் பெரும்பாலும் படிக்க மட்டும்தான் வருவேன், இன்னைக்கு எழுதுறேன். 12 வருஷம் அண்ணா, "கிரிமினல்தானே"ன்னு நீங்க கேட்டதுல தப்பா எடுத்துக்கல, நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன், 2025 ஏப்ரல் வரைக்கும்.

2023ல வந்த புதுசுல ஃப்ரெண்டோட வண்டியை ஓட்டினேன், ஊர் லைசென்ஸ் இருந்தா போதும்னு யாரோ சொன்னதைக் கேட்டு. நிறுத்தினாங்க, இந்த ஸ்டேட்ல அது செல்லாதுன்னு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போய் கைரேகை எடுத்தாங்க. ரெண்டு மணி நேரத்துல விட்டுட்டாங்க. கோர்ட்டுக்குப் போனேன், லைசென்ஸ் எடுத்துக் காமிச்சேன், கேஸ் தள்ளுபடி. வீட்டுக்குக் கூட சொல்லல.

2025 ஏப்ரல்ல காலேஜ்ல இருந்து மெயில், உன் செவிஸ் ரெக்கார்ட் (அரசாங்கம் வெச்சிருக்கிற ஸ்டூடன்ட் விசா பதிவு) டெர்மினேட் ஆயிடுச்சு, கேம்பஸ் வேலையை உடனே நிறுத்துன்னு. காரணம் கிரிமினல் ரெக்கார்ட் செக். எனக்கு டிகிரிக்கு ஒரே ஒரு கோர்ஸ் பாக்கி. அறையை விட்டு வெளிய வராம 17 நாள், மளிகை எல்லாம் ரூம்மேட்தான் வாங்கிட்டு வந்தான். பின்னாடி கோர்ட்ல ஹோம்லேண்ட் செக்யூரிட்டி ஆளுங்களே சொன்னாங்க, 13 லட்சம் ஸ்டூடன்ட் பேரை போலீஸ் டேட்டாபேஸ்ல போட்டுத் தேடி 6,400 பேர் மாதிரி சிக்கினாங்கன்னு. கேஸ் தள்ளுபடியா, வெறும் கைதா, எதையும் ஒழுங்கா பார்க்கல. நாடு முழுக்க பசங்க கேஸ் போட்டாங்க, பல இடத்துல ஏசிஎல்யூ வக்கீல்கள் வாதாடினாங்க, ஏப்ரல் 25ஆம் தேதி திரும்ப ரெக்கார்டை உயிர்ப்பிக்கிறோம்னு அரசாங்கமே இறங்கி வந்துச்சு. இமிக்ரேஷன் வக்கீல்கள் சங்கம் சேகரிச்ச புகார்கள்ல பாதிப் பேர் இந்தியப் பசங்க.

லோக்கல் ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தது எனக்கு முடிஞ்ச கதை. அவங்க கம்ப்யூட்டருக்கு அது முடியல.

---

யாழ்_தேவன்:

வணக்கம். நான் டொரொண்டோவில இருக்கிறன், என்ர தங்கச்சி குடும்பம் நியூயோர்க்கில. இந்த இழையை ரெண்டு தரம் வாசிச்சன்.

ஊர்ப் பொலிஸிட்ட பதிவு பாக்கிற வேலையைக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2007 ஜூன் 7, கொழும்பு லொட்ஜ்களில தங்கியிருந்த தமிழ் ஆக்கள் 376 பேரை விடியமுன்னம் எழுப்பி, "கொழும்பில நிக்கிறதுக்கு சரியான காரணம் இல்லை" எண்டு பஸ்ஸில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினாங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவை, வெளிநாடு போக அலுவல் பாக்க வந்தவை எல்லாரும் அதுக்குள்ள. எல்லாரும் அந்த நாட்டுப் பிரஜையள். அடையாள அட்டையும் கையில இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. அதை நிப்பாட்டினது என்ன தெரியுமோ? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் எண்ட அமைப்பு அடுத்த நாளே உச்ச நீதிமன்றத்தில மனுப் போட்டது, நீதிமன்றம் உடனே தடை போட்டது. ஒரு சின்ன அமைப்பு, ஒரு மனு. அண்டைக்கு அவை போகாட்டி அடுத்த பஸ்ஸும் வெளிக்கிட்டிருக்கும்.

இன்னுமொண்டு. அமெரிக்க ஏசிஎல்யூ எண்டு நீங்கள் கதைக்கிற அமைப்பு எங்கட ஆள் ஒருவருக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. துரைசிங்கம் வழக்கு. விவசாயம் செய்த ஈழத்தமிழர், 2017இல மெக்சிகோ எல்லை தாண்டி 25 யார் தூரத்தில பிடிபட்டவர். ஊரில வான் வண்டியில வந்த ஆக்கள் தூக்கிக்கொண்டு போய் அடிச்சவை எண்டு சொன்னார். அதிகாரி அடிச்சதை நம்பினார், ஆனா ஆர் அடிச்சவை, ஏன் அடிச்சவை எண்டு உமக்குத் தெரியாதே எண்டு தள்ளிவிட்டார். வான்ல வாறவன் தன்ர பேரைச் சொல்லிப்போட்டோ தூக்குறவன்? ஒன்பதாவது சர்க்யூட்டில வெண்டார், 2020 ஜூன்ல உச்ச நீதிமன்றத்தில 7க்கு 2 எண்டு தோத்தார். தோத்தாலும் அந்த வானைப் பற்றின கதை அமெரிக்க நீதிமன்றப் பதிவில எழுத்தில கிடக்குது.

12 வருசம் தம்பி, எல்லை தாண்டி வந்தவை எண்டு நீங்கள் எழுதினதில நானும் ஒருத்தன். 1989இல வந்தனான். குறையா நினைச்சு எழுதேல்லை, தெரிஞ்சிருக்கட்டும் எண்டுதான்.

---

வரிசையில்_12_வருஷம்:

யாழ்_தேவன் ஐயா, மன்னிச்சுக்கங்க. நான் எழுதினப்ப என் மனசுல இருந்த முகம் வேற. உங்களை நினைச்சு எழுதல.

ஆனா என் கேள்வி இன்னும் முழுசா தீரல, நேர்மையா கேக்கிறேன். ஒருத்தன் நிஜமாவே பெரிய குற்றம் பண்ணி தண்டனை வாங்கினவன், அவனை ஐஸ்கிட்ட குடுக்காம வெளிய விட்டு அவன் திரும்ப யாரையாவது ஏதாவது பண்ணிட்டா அந்தக் குடும்பத்துக்கு நீங்க என்ன சொல்வீங்க? அப்படி நடந்திருக்கு, செய்தியில வந்திருக்கு.

---

மாடக்குளத்தான்:

அண்ணா, இது நியாயமான கேள்வி, இதை ஒதுக்கிட்டுப் பேசுறவங்களை நானும் நம்ப மாட்டேன். அந்தக் குடும்பத்துக்கு சொல்றதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல.

ஆனா கேட்டுப் பாருங்க, லோக்கல் போலீஸ் ஐஸுக்கு உதவுறதைக் கட்டுப்படுத்துற கலிஃபோர்னியாவோட 2017 எஸ்பி54 சட்டம் கூட பெரிய குற்றத்துக்கு தண்டனை வாங்கினவனைப் பத்தி ஐஸுக்கு தகவல் குடுக்கவும் ஒப்படைக்கவும் வழி வெச்சிருக்கு, நீளமான பட்டியலே இருக்கு. ஜட்ஜ் கையெழுத்து போட்ட வாரன்ட் கொண்டு வந்தா எந்த ஊர்லயும் யாரும் தடுக்கப் போறதில்ல. நாங்க கேக்கிறது அவ்வளவுதான், ஒரு ஆளோட சுதந்திரத்தை 48 மணி நேரம் எடுக்கணும்னா ஒரு ஜட்ஜ் பார்க்கட்டும். வீட்டுக்குள்ள வர்றதுக்கு வாரன்ட் கேக்கிறோம், வண்டி டிக்கியைத் திறக்க காரணம் கேக்கிறோம், மனுஷனைப் பூட்டி வைக்க வேணாமா?

மேரிலேண்ட் ஃப்ரெடரிக் கவுன்ட்டியில 2008ல, பாத்திரம் கழுவுற வேலை பார்த்த ஒரு அம்மா, வேலைக்கு முன்னாடி கடைக்குப் பின்னால குளத்தோரம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு டெபுட்டி வந்து பேச்சு குடுத்து, பேரை அடிச்சுப் பார்த்து, இமிக்ரேஷன் வாரன்ட் இருக்குன்னு பிடிச்சாங்க. எந்தக் குற்றமும் இல்ல, சாப்பிட்டுட்டு இருந்தாங்க. 2013ல நாலாவது சர்க்யூட் சொல்லுச்சு, ஃபெடரல் அதிகாரி சொல்லாம, வெறும் சிவில் இமிக்ரேஷன் சந்தேகத்துக்காக லோக்கல் போலீஸ் ஆளைப் பிடிக்கக் கூடாதுன்னு. நாலாவது சர்க்யூட்னா நம்ம நார்த் கரோலினாவும் அதுக்குள்ளதான் வருது. அந்த டெபுட்டி எங்கப்பாவை 50 நிமிஷம் வெச்சப்ப இந்தத் தீர்ப்பும் இருந்துச்சு, டிக்கெட் வேலைக்கு மேல ட்ராஃபிக் ஸ்டாப்பை இழுக்கக் கூடாதுன்னு 2015ல சுப்ரீம் கோர்ட் ரோட்ரிகஸ் கேஸ்ல சொன்னதும் இருந்துச்சு. எனக்கு எதுவும் தெரியாது, ஸ்டியரிங்ல கை வெச்சு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எங்க ஊர் நிலவரம். வேக் கவுன்ட்டியில 287(ஜி) பல வருஷம் இருந்துச்சு. 2018 நவம்பர் எலெக்ஷன்ல இதையே பெரிய பேச்சாக்கி ஷெரிஃபை மாத்தினாங்க, புது ஆள் வந்ததும் டிசம்பர்ல ஒப்பந்தத்தை முடிச்சாரு, சார்லட் இருக்கிற மெக்லன்பர்க்லயும் அதே மாசம். கோர்ட்டே இல்லாம ஓட்டுல நடந்த விஷயம். அப்புறம் ஸ்டேட் சபை விடல, 2024ல எச்பி10னு சட்டம் போட்டு குறிப்பிட்ட குற்றச்சாட்டு வந்தா ஷெரிஃப் கண்டிப்பா ஸ்டேட்டஸ் பார்க்கணும், டீடெய்னர் இருந்தா பிடிச்சு வைக்கணும்னு ஆக்கிட்டாங்க, 2025ல அதை இன்னும் விரிச்சாங்க. 2025 நவம்பர்ல பார்டர் பட்ரோல் சார்லட்டுக்கும் நம்ம பக்கமும் வந்தப்ப எத்தனை கடை பூட்டிக் கிடந்துச்சு, சார்லட்ல ஒரே திங்கக்கிழமை சுமார் 30,000 பிள்ளைங்க ஸ்கூலுக்கு வரல.

ஆனா ஸ்டேட் சட்டம் சொல்றதுக்கு மேல போறதா வேணாமான்றது இன்னும் லோக்கல் கையிலதான் இருக்கு. ரோட்டுல டெபுட்டி கேள்வி கேக்கலாமா, ட்ராஃபிக் ஸ்டாப் கணக்கை யார் யாரை நிறுத்தினாங்கன்னு ஊருக்கு வெளியிடணுமா, யூ விசா கையெழுத்தை எத்தனை நாள்ல போட்டுத் தரணும், மொழிபெயர்க்க ஆள் வைக்கணுமா, இதெல்லாம் கேக்கலாம். 2026 நவம்பர்ல ஷெரிஃப் எலெக்ஷன் வேற. நமக்கு ஓட்டு இல்ல, ஆனா கூட்டத்துல பேச சிட்டிசனா இருக்கணும்னு எந்த ரூலும் இல்ல. சொத்து வரி கட்டுறோம், அந்த டெபுட்டி சம்பளத்துல நம்ம காசும் இருக்கு.

---

குமரன்_டெக்சாஸ்:

ஒண்ணு சேர்த்துக்கறேன். 18 வயசுக்கு மேல இருக்கிற வெளிநாட்டு ஆளுங்க எல்லாரும் கிரீன் கார்டோ ஐ94ஓ (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு) கையில வெச்சிருக்கணும்னு பழைய சட்டம் இருக்கு, 2025ல இருந்து அதை கண்டிப்பா பார்ப்போம்னு சொல்லியிருக்காங்க. வீட்டு பீரோவுல வெச்சுட்டு வராதீங்க. அதே வருஷம் செப்டம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் கேஸ்ல, ஆளோட இனத்தையும் மொழியையும் வேலையையும் மட்டும் வெச்சு நிறுத்தக் கூடாதுன்னு கீழ்க்கோர்ட் போட்ட தடையை சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வெச்சிருக்கு. அது ஐஸ் ஆளுங்களைப் பத்தின கேஸ், ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துக்கங்க.

---

தேன்மொழி_என்ஜே:

அண்ணா, அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிக் குடுங்க. நான் மாமனாருக்கு எழுதினது: ஒரு பக்கம் இங்கிலீஷ்ல "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் பேசுவேன், என் மகன் நம்பர் இது." மறுபக்கம் தமிழ்ல "கையை வெளியே வையுங்கள். பைக்குள் கை விடாதீர்கள். ஓடாதீர்கள்." கழுத்துல ஐடி கார்டு மாதிரி மாட்டி விட்டிருக்கேன், எடுக்கத் தேடவே வேணாம், அவங்களே பார்த்துக்கலாம். முதல்ல கோவிச்சுக்கிட்டாரு. இப்ப அதை மாட்டிட்டுத்தான் வெளிய கிளம்புறாரு.

---

வரிசையில்_12_வருஷம்:

தேன்மொழி, அந்த கார்டோட அளவு என்ன, எழுத்து எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க. எங்க அம்மா அடுத்த வாரம் வர்றாங்க.

மாடக்குளத்தான், நான் அப்பெக்ஸ்லதான் இருக்கேன். டீடெய்னர் விஷயத்துல உங்க எல்லாத்தையும் நான் ஏத்துக்கல, அதைப் பத்தி நான் பேச மாட்டேன். ஆனா பின்சீட்டுல இருக்கிறவங்ககிட்ட பேப்பர் கேக்கக் கூடாது, நிறுத்தின கணக்கை வெளியிடணும், இதுக்கு மைக் முன்னாடி நிப்பேன். எத்தனை மணிக்கு வரணும்?

---

மாடக்குளத்தான்:

அண்ணா, அரை மணி நேரம் முன்னாடி வந்து பேர் எழுதணும். நானே வந்து உங்களை ஏத்திக்கறேன், டெயில் லைட் மாத்தியாச்சு.

அப்பாகிட்ட நேத்து இந்த இழையைப் படிச்சுக் காமிச்சேன். 3 நிமிஷத்துல முதல் ஒரு நிமிஷம் அவரு தமிழ்ல பேசுறாராம், நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லணுமாம். நோட்டுல எழுதி, வாட்ச் வெச்சு படிச்சுப் பார்த்துட்டு இருக்காரு. இப்போதைக்கு ஒரு நிமிஷம் இருபது செகண்ட் வருது, எந்த வரியை எடுக்கிறதுன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு இருக்காரு.